ஜிஎஸ்டி பாக்கிக்கு மஞ்சக் கடுதாசி கைகொடுக்குமா?

போன வாரம் தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். தோல் பை தைக்கிற பட்டறை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 12 லட்சம் ஜிஎஸ்டி கட்டச் சொல்லி ஆர்டர். "அண்ணாச்சி, பேசாம மஞ்சக் கடுதாசி கொடுத்திரட்டுமா? வரிக்கடனும் அதோட போயிரும்லா?" மும்பையில் கணக்கு எழுதும் எனக்கு இது பழகிய கேள்வி. தொழில் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

சொந்தப் பெயரில் என்றால் 2016 திவால் சட்டம் உதவாது. தனிநபர்களில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் 2019 டிசம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. மற்றவர்களுக்கு மும்பையில் 1909-ஆம் வருஷத்துச் சட்டம்தான். மனு ஹைகோர்ட்டுக்குப் போகும். திவால் என்று அறிவித்ததும் சொத்து கோர்ட் நியமித்த அதிகாரி கைக்குப் போகும். விற்று வரும் பணத்தில் அரசு பாக்கிக்கு முன்னுரிமை. கடைசியில் கோர்ட் கடனிலிருந்து விடுவித்தாலும் அரசுக் கடனை அது தொடாது. நம்பிக் கைமாற்று கொடுத்த மச்சான் பணம் போகும், வரி அப்படியே நிற்கும். இது தெரியாமல் மனுப் போட ஓடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் கதை வேறு. கஃப் பரேடில் இருக்கும் கம்பெனி தீர்ப்பாயத்தில் திவால் வழக்கு ஏற்கப்பட்டால் வசூல் நடவடிக்கைகள் நிற்கும். கம்பெனியை மீட்டெடுக்கும் திட்டம் அங்கீகாரம் பெற்றால், அதில் சேராத பழைய வரிப் பாக்கி ஒழிந்தது என்று 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2022-இல் குஜராத் வாட் (ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரி) வழக்கில் அரசையும் ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவராக ஏற்ற தீர்ப்பு வந்ததால், யாருக்கு முதலில் பணம் என்ற வரிசையில் குழப்பமும் வந்தது. கடன் கொடுத்தவர் வழக்குப் போட 1 கோடி பாக்கி வேண்டும். டைரக்டரின் கடும் கவனக்குறைவால் வரி வசூலாகவில்லை என்றால் அவர் சொத்தையே கேட்பார்கள். பேங்க் கடனுக்கு அவர் போட்ட ஜாமீன் பொறுப்பு தனி.

பட்டறைக்காரருக்கு என் ஓட்டு தவணைக்கும் அப்பீலுக்கும்தான். தவணை அதிகபட்சம் 24 மாதம். 12 லட்சத்துக்கு மாதம் 50,000. அதன்மேல் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி ஓடும். ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். அதனால் தீபாவளி வியாபாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மழைக்காலத்தில் தாராவி முட்டளவுத் தண்ணீரில் நிற்கும்போது என்ன வருமோ, அதை வைத்துப் போடுங்கள். ரிட்டர்னில் நீங்களே ஒப்புக்கொண்ட வரிக்குத் தவணை கிடையாது.

ஆர்டரே தப்பு என்றால் அப்பீல். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டினால் மிச்சத்தின் வசூல் நிற்கும். ஆனால் ஆர்டர் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 1 மாதம், அவ்வளவுதான்.

அவர் ஆர்டரைப் புரட்டினேன். கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை மொத்தமாக மறுத்திருந்தார்கள். பில்கள் பரணில் இருப்பதாகச் சொன்னார். ஆர்டர் வந்து 2 மாதம் 10 நாள் ஆகியிருந்தது. பில் மூட்டையை அன்று ராத்திரியே எடுத்து வரச் சொன்னேன்.