நான்கு ஆண்டுகளாக ஒரு ஹோன்யாக்கி கத்தி

சென்ற வாரம், ஒரே எஃகில் அடித்த ஜப்பானியச் சமையல் கத்தியான என் ஹோன்யாக்கியின் வாயில் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. முள் நீக்கிய வஞ்சிரத்தில் தவறி நின்றுவிட்ட ஒரே ஒரு முள் செய்த வேலை அது. அதைச் சரிசெய்ய மூன்று மாலைகள் தீட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தேன். மூன்றாவது மாலையில்தான், ஒசாகாவுக்குப் புறப்படவிருக்கும் நண்பர், கத்திகளுக்குப் பெயர்போன பக்கத்துச் சகாய் நகரில் அப்படியொரு கத்தி வாங்கினால் கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்டிருந்தார்.

என்னுடையது 270 மில்லிமீட்டர் யனாகிபா, அதாவது பச்சை மீனை ஒரே இழுப்பில் மெல்லிய துண்டாக அரிவதற்கென்று ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த நீண்ட கத்தி. நான்கு ஆண்டுகளுக்கு முன் 1,30,000 யென் கொடுத்து வாங்கினேன். அதற்கு முன்பே 28,000 யென்னுக்கு வாங்கிய கசுமி வகை யனாகிபா ஒன்றும் என்னிடம் உண்டு. இரண்டின் வாயும் ஒரே எஃகுதான். ஜப்பானின் யாசுகியில் செய்யப்படும் இரண்டாம் எண் ஷிரோகாமி என்ற எஃகு வகை. கசுமியில் அந்த எஃகை மென்மையான இரும்போடு பற்றவைத்து அடிக்கிறார்கள்; ஹோன்யாக்கியில் அலகு முழுவதுமே எஃகு.

விலை உயர்வதற்கான காரணம் உலையில் இருக்கிறது. முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசிச் சூடேற்றித் தண்ணீரில் முக்கித் துவைச்சல் கொடுக்கும்போது, வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து சற்று மென்மையாகவே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தோன்றும் அலைக்கோட்டுக்கு ஹமோன் என்று பெயர். அந்த நொடியில் கீறல் விட்டும் கோணியும் வீணாகும் அலகுகள் பல. பிழைத்து வந்த கத்தியின் விலையில் உடைந்தவற்றின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மகிழ்ச்சியையும் மறைக்க மாட்டேன். நன்கு தீட்டிய நாளில் இந்தக் கத்தி மீனுக்குள் இறங்குவது கைக்கே தெரிவதில்லை. அரிந்த முகம் ஈரக் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் ஹமோன் மேகம்போல் ஊர்வதை நான் எத்தனையோ காலைகளில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் என்னை விடாமல் உறுத்துவதும் அந்த ஹமோன்தான். இத்தகைய கத்தியைத் தீட்டும்போது சரிவு முழுவதையும் கல்லில் படிய வைக்க வேண்டும் என்பதால், 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) நான்கு முறை தேய்த்தாலே அந்த அலைக்கோடு கீறல்களுக்குள் மங்கிவிடுகிறது. கோடு உலோகத்துக்குள்ளேயே இருப்பதால் அழிந்துபோவதில்லை என்பது உண்மைதான். எனினும் அதை மீண்டும் வெளியே கொண்டுவர, மென்மையான கல்லின் சிறு துண்டுகளை விரலால் அழுத்தி மணிக்கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கிறது. கசுமியில் சரிவின் பெரும்பகுதி மெல்லிரும்பு என்பதால் கல் அதை எளிதில் தின்றுவிடும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அலகு சற்றே கோணினாலும் கசுமியை நிமிர்த்திவிடலாம். ஹோன்யாக்கியை நிமிர்த்தத் துணிந்தால் அது முறிந்துபோகலாம். கூர் நிற்கும் காலத்தில் ஹோன்யாக்கி ஓரளவு முந்துகிறது என்று நினைக்கிறேன், ஆனால் தட்டில் வைத்த துண்டுகளைப் பார்த்து எது எந்தக் கத்தியால் அரிந்தது என்று என் வீட்டில் ஒருவராலும் இதுவரை சொல்ல முடிந்ததில்லை.

இதைப் பூட்டி வைத்தால் எஃகு வீணாகிறது. பயன்படுத்தினால் ஒரு லட்சம் யென்னுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய அழகு கல்லில் கரைகிறது. ஆகவே, மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும், இந்த விலைக்கு இந்தக் கத்தி தகாது என்றே நண்பருக்கு எழுதினேன். கசுமி ஒன்றையும் 1000, 6000 எண் கற்கள் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்; ஐந்து ஆண்டுகள் தீட்டிப் பழகிய பின்னும் மனம் ஹோன்யாக்கியையே கேட்டால், அப்போது சகாய்க்குப் போய், வாங்கும் முன் அலகைப் பகல் வெளிச்சத்தில் நீளவாக்கில் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பாருங்கள் என்றும் சேர்த்திருக்கிறேன்.