படகிலேயே குடியிருந்து காபி போடுவது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்ட இத்தனை வருடங்களில் காபி போடும் சாதனங்கள் பல வந்து போயின. இன்று தினமும் கைக்கு வருபவை ஏரோபிரஸ் (தண்டால் அழுத்திக் காபி இறக்கும் குழாய்), கைக்கிரைண்டர், கெட்டில், ஒரு ஸ்டீல் பிளாஸ்க். அடுப்பில் வைத்துக் காபி போடும் மோக்கா பாட்டும் இருக்கிறது, அதற்கென்று தனி நாட்கள் உண்டு. கரையில் சுவையை மட்டும் பார்த்துச் சாதனம் வாங்கலாம். படகில் வேறு கேள்விகள் முந்திக்கொள்ளும்: கொதிநீரை எவ்வளவு நேரம் கையாள வேண்டும், கழுவ எவ்வளவு நல்ல தண்ணீர் போகும், சக்கையை எங்கே கொட்டுவது?

வலைத் தட்டால் தூளை அடியில் அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸை நான் விட்டதற்குக் காரணம் இந்தக் கடைசி இரண்டு கேள்விகள்தான். கண்ணாடி வகை படகுக்கு ஆகவே ஆகாது. இரட்டைச் சுவர் ஸ்டீல் வகை உடையாது, சூடும் தாங்கும், காபியும் அருமையாக வரும். ஆனால் ஈரச் சக்கை அடியிலும் வலையிலும் அப்பிக்கொள்ளும். அதைக் கழுவ ஆகும் தண்ணீரில் இன்னும் இரண்டு மூன்று கப் காபி போட்டுவிடலாம். சிங்கில் கொட்டினால் ஒல்லியான வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். துறையில் கட்டி, கரைக்குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இது பெரிய குறையே இல்லை.

ஏரோபிரஸ் ஜெயித்தது அங்கேதான். ஆலன் ஆட்லர் என்ற பொறியாளர் உருவாக்கி 2005-இல் விற்பனைக்கு வந்த இந்தக் குழாய் படகுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அழுத்தி முடித்து, மூடியைக் கழற்றி ஒரு தள்ளு தள்ளினால் சக்கை வட்ட வில்லையாகக் குப்பை டப்பாவில் விழும். ரப்பர் முனையை விரலால் துடைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. தண்டை உள்ளே பாதியில் விட்டு வைக்காதீர்கள், ரப்பர் இறுக்கம் இழந்துவிடும்.

ஓடும் படகில் நான் போடும் முறை இது. கப்பைச் சிங்குக்குள் ஈரத்துணி மேல் வைப்பேன், சிந்தினாலும் சிங்கோடு போகும். 15 கிராம் தூள், கொதி அடங்கி 85 டிகிரி பக்கம் வந்த தண்ணீர் 100 மில்லி. கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, இடுப்பை மேடையில் முட்டுக்கொடுத்து மெதுவாக அழுத்துவேன். கெட்டியாக இறங்கும் டிகாக்‌ஷனில் வெந்நீரோ பாலோ சேர்த்துக்கொள்ளலாம். குழாயைத் தலைகீழாக நிறுத்திப் போடும் முறை நிறையப் பேருக்குப் பிடிக்கும். ஆடும் படகில் மட்டும் அது வேண்டவே வேண்டாம். ஒரு சாய்வில் கொதிநீர் அத்தனையும் மடியில் இருக்கும்.

கொதிநீர்க் காயத்தை நான் ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொள்பவன். ஊசலாடும் கிம்பல் அடுப்பு பக்கவாட்டுச் சாய்வைத்தான் சமன் செய்யும். முன்முனை அலையில் எழும்பி விழும் ஆட்டத்துக்கு அதனிடம் பதில் கிடையாது. அதனால் பாத்திரத்தைப் பிடிக்கும் கவ்விகள் கட்டாயம். கெட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. கடல் கொந்தளித்தால் மழைக்கான ரப்பர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் போவேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாமல் படகின் அடித்தட்டில் தேங்கும், ஒரு பொறி போதும். காபி முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடிவிட வேண்டும்.

1933-இல் இத்தாலியில் வந்த மோக்கா பாட் நங்கூரம் போட்ட அமைதியான காலைகளுக்கு. உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. ஸ்டீலில் வாங்குங்கள். கீழ்ப் பாத்திரத்தில் வால்வுக்குக் கீழே நிற்கும்படி சூடான தண்ணீர், சிறு தீ, களகளவென்று சத்தம் ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள். காகித வடிகட்டியில் மேலிருந்து ஊற்றிப் போடும் காபியும் இப்படித்தான், ஆட்டமில்லாத நாளில் மட்டும்.

மின்சாரக் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் அதிகம். 300 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 26 வாட்-மணி ஆகும். இன்வர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மூன்று ஆம்பியர்-மணி அளவு. இது சின்னச் செலவுதான். இழுக்கும் வேகம்தான் பிரச்சினை: 1500 வாட் கெட்டில் 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஈய-அமில பேட்டரியில் வோல்டேஜ் படுத்து இன்வர்ட்டர் அலற ஆரம்பிக்கும். லித்தியம் பேட்டரியும் தடித்த கேபிளும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கேஸும் மிச்சம், தீயும் இல்லை. எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்கும் இதே கணக்குதான். அதோடு, அது அடைக்கும் இடமும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இவ்வளவுக்கும் மேலாகச் சுவையை மாற்றுவது தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தின் சவ்வு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெரும்பாலும் தடுத்துவிடும், கொஞ்சம் உப்பை மட்டும் விடும். காபியின் சாரம் இறங்க அந்தக் கனிமங்கள் உதவுகின்றன. அவை இல்லாத தண்ணீரில், மென்வறுவல் கொட்டை என்றால் காபி சப்பென்று இருக்கும். கரையில் பிடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தபோது நாக்கில் உடனே வித்தியாசம் தெரிந்தது. குளோரின் வாடைக்குக் குழாயில் ஒரு கார்பன் ஃபில்டர் போதும். புதுச் சாதனம் வாங்க யோசிப்பவர்கள் அதற்கு முன் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

கொட்டையை வாங்கியதும் நூறு நூறு கிராமாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி, அடித்தட்டுப் பக்கம் குளிர்ச்சியான அறையில் வைக்கிறேன். பிரித்த பொட்டலம் ஈரக் காற்றில் சீக்கிரம் வாசனை இழக்கும். அரைத்த தூள் இன்னும் வேகமாகப் போய்விடும். கைக்கிரைண்டரின் ஸ்டீல் பற்களைத் தண்ணீரில் கழுவக் கூடாது, தூரிகை மட்டும்தான், இல்லாவிட்டால் துரு வரும்.

சக்கையைக் கரையோரத்தில் கடலில் வீசாதீர்கள். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்போலில் குப்பை பற்றிய ஐந்தாம் இணைப்பு உல்லாசப் படகுகளுக்கும் பொருந்தும். பொடியாக்கிய உணவுக் கழிவுக்கே பொதுவாகக் கரையிலிருந்து குறைந்தது 3 கடல் மைல், சிறப்புப் பகுதிகளில் 12. வில்லையாக விழும் சக்கை மூடியுள்ள டப்பாவில் நாற்றமில்லாமல் கரை வரை காத்திருக்கும்.

இரவுக் காவலுக்கான காபியை வெளிச்சம் இருக்கும்போதே போட்டு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பிளாஸ்க்கில் நிரப்பி, பாலைத் தனியாக வைத்துவிடுகிறேன். பால் கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் சுவை கெடும். கறுப்புக் காபி நடு இரவு வரை குடிக்கும்படி இருக்கிறது, அந்த நேரத்தில் யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுமில்லை.