ஆன்லைனில் தஞ்சாவூர் வீணை: எங்கே ஆர்டர் போடலாம், பெட்டி வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீணையை ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம், ஆனால் "மூன்றே நாளில் டெலிவரி" என்று போட்டிருக்கும் இடத்தில் வேண்டாம். ஒரு மாதம் ஆகும், வந்த பிறகு மேளத்தை, அதாவது மெட்டுகள் உட்கார்ந்திருக்கும் அமைப்பை, ஒருமுறை சரிபார்க்க ஆள் தேவைப்படும் என்று ஆர்டருக்கு முன்பே சொல்கிற பட்டறைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பெருநகரத்து இசைக்கருவிக் கடைகளின் இணையதளங்களுக்கு மூன்று. எல்லாம் விற்கும் பெரிய சந்தைத் தளங்களுக்கு ஒன்று. அதுவும் தேடுவது சுலபமாக இருக்கிறதே என்பதற்காக.

சந்தைத் தளத்தில் "வீணை" என்று தேடினால் பாதிக்குப் பாதி கொலு பொம்மை அளவில் அலங்காரப் பொருளாக வரும். படத்தில் யாளி முகமும் தங்க வர்ணமும் பளபளவென்று இருக்கும். விவரத்தில் நீளம் ஒரு அடி. வாசிக்கிற வீணை ஏறக்குறைய நாலு அடி. 24 மெட்டும் (சுரத்துக்காகத் தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பி) 7 தந்தியும் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் தளத்தில் 'தஞ்சாவூர்' என்று தட்டச்சு செய்ய யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

பட்டறையிடம் நேரடியாக வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, சுருதி எத்தனை கட்டை, அதாவது ஆதார சுரம் எவ்வளவு உயரம். இரண்டரைக்கும் மூன்றுக்கும் ஏற்ற தந்தியைப் பூட்டி, காதால் கேட்டு மெட்டு வைத்த வீணையை வீட்டில் நாலு கட்டைக்கு ஏற்றினால் தந்தி அறும். ஒன்றரைக்கு இறக்கினால் தொளதொளத்து, மெட்டைத் தொடும்போதே சுரம் ஏறிவிடும். இரண்டாவது, ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா என்பது. ஏகாந்தத்தில் குடமும் (ஒலி எழும் உருண்டைப் பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) ஒரே பலா மரத்துண்டில் குடைந்தவை. ஒட்டு வீணையில் தனித்தனியாகச் செய்து இணைப்பார்கள். விலையில் பெரிய வித்தியாசம் என்பதால் பேச்சு மாறுவது இங்கேதான். இணைப்பு வரும் இடத்தை அலங்காரப் பட்டை மூடிவிடும், பாலிஷ் ஏறிய பிறகு எடுத்த படம் எதையும் காட்டாது. பாலிஷுக்கு முன்பு, குடத்தின் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள். மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குள் அறுபடாமல் ஓட வேண்டும். அந்தப் படத்தை அனுப்பத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். ஒட்டு வீணை மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. படிக்கிற பிள்ளைக்கு அதுவே போதும், ஒட்டு வீணை விலைக்கு வாங்கினால் சரி.

அடுத்தது அனுப்பும் செலவு. பலரும் அதிர்ந்து போவது இதில்தான். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 135, 45, 45 அளவுள்ள பெட்டிக்கு ஏறக்குறைய 55 கிலோ! தராசில் வைத்தால் அதில் பாதிகூட வராது. தண்டியின் அடியில் தொங்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்தால் உயரம் 35 ஆகும், கணக்கு 43 கிலோவுக்கு இறங்கும். சுரைக்காய் திருகில் மாட்டுவதுதான், கழற்றுவதில் கஷ்டமே இல்லை. தமிழ்நாட்டுக்குள் என்றால் பஸ் பார்சல் மலிவு. ஆபீசுக்குப் போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்குப் பலகைப் பெட்டி போட்டால் வெப்பமூட்டிய மரம் என்பதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை தேவை. ப்ளைவுட் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

கூரியரில் வரவழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செயலியில் "டெலிவரிக்குக் கிளம்பியது" என்று காலையில் காட்டும், மாலையில் "வீடு பூட்டியிருந்தது" என்று மாறும். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாலரை அடிப் பெட்டி பைக்கில் ஏறாது, விஷயம் அவ்வளவுதான். மறுநாளும் காத்திருக்காமல் கிடங்குக்கே போய் எடுத்து வருவது நல்லது, குறிப்பாகச் சித்திரை, வைகாசியில். மெட்டுகள் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துக் கட்டிய திட்டின்மேல். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் பெட்டியை நெட்டுக்குத்தலாக நிறுத்தினால் மெட்டுகள் கீழ்நோக்கி நகரும். படுக்கைவாட்டில் வைக்கச் சொல்லும் அம்புக்குறியை நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறார்களா என்பதை வைத்தே பட்டறையின் அனுபவத்தை எடைபோடலாம்.

இன்னொரு அடையாளம் குதிரை, அதாவது குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை. அது மேல்பலகையில் ஒட்டியிருப்பதில்லை, தந்தியின் இழுவிசையில்தான் நிற்கிறது. தந்தியைத் தளர்த்தாமல் அனுப்பினால் ஒரு குலுக்கலில் பலகைக்கு ஆபத்து, தளர்த்தினால் குதிரை நகரும். விவரம் தெரிந்தவர்கள் குதிரையின் காலைச் சுற்றிப் பலகையில் மெல்லிய பென்சில் கோடு போட்டு, கழற்றித் துணியில் சுற்றி வைப்பார்கள். பாலிஷில் ஏதோ கீறல் என்று நினைத்து அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள்.

பெட்டியைத் திறக்கும்போது வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் ரசீதில் "சேதத்துடன் பெறப்பட்டது" என்று எழுதிய பிறகே கையெழுத்து. குடத்தை வெளிச்சத்தில் சாய்த்து மயிரிழை விரிசல் பாருங்கள். யாளியின் கழுத்தையும், தந்தியை முறுக்கும் பிரடைகளையும் தொட்டுப் பாருங்கள். அன்றே சுருதி கூட்ட வேண்டாம், ஓர் இரவு அறையில் கிடக்கட்டும்.

மறுநாள் குதிரையைக் கோட்டுக்குள் நிறுத்தி, முதன்மையாக வாசிக்கும் தந்தியான சாரணியை முதலில் ஏற்றுங்கள். 12-வது மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஒரு சுரம், அழுத்தி மீட்டினால் ஒரு சுரம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் குதிரையை மெட்டுகளிலிருந்து மயிரளவு தள்ளி வையுங்கள். அது சரியாகியும் ஏதோ ஒரு மெட்டு மட்டும் பேசவில்லை என்றால் மெழுகு நகர்ந்திருக்கிறது. குடத்தருகே உள்ள கடைசி மெட்டுகளை முதலில் சோதியுங்கள். 24-வது மெட்டில் பேசுவது தந்தியின் கால் பங்குதான். மேருப் பக்கம் (தண்டியின் மறுமுனையில் தந்தி தொடங்கும் இடம்) ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் வரும் பிசகைப்போல இங்கே நாலு மடங்கு வரும். ஒரு மெட்டில் மட்டும் தந்தி இரைந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதற்கு அடுத்த மெட்டு. அது உயர்ந்து நிற்கும்.

மெழுகை ஹேர் ட்ரையரால் இளக்கி நகர்த்தச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. ஒரு மெட்டைத் திருத்தப்போய் ஆறு மெட்டு சாயும். மேளம் கட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். பட்டறைக்காரர் உங்கள் ஊர்ப் பக்கம் எப்போது வருவார், அந்த முதல் திருத்தத்துக்குக் கூலி தனியா, விலையில் சேர்த்தியா என்பதை முன்பணம் கட்டும் அன்றே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். நாலு நட்சத்திரம் என்று மேலே சொன்னதில் ஒன்று குறைந்ததற்குக் காரணம், பல பட்டறைகள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான்.