நிகழ்தகவுப் பரவல்களைக் கண்ணில் காட்ட எது தோது: ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ், எக்செல், ஆர்?

கரும்பலகையில் மணி வடிவத்தில் ஒரு கோடு இழுத்து, அடியில் நிழல் போட்டு, "இந்தப் பரப்புதான் நிகழ்தகவு" என்று சொல்லிவிடலாம். ஆனால் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கூடக்கூட அந்தக் கோடு எப்படிப் படுக்கிறது என்பதைச் சாக்பீஸால் அசைத்துக் காட்ட முடியாது. அதற்குத்தான் மென்பொருள். எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முடிந்துபோன வளைகோட்டைக் காட்டும் கருவி வேறு, அந்த வளைகோடு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கருவி வேறு.

முதல் வகுப்புக்கு ஜியோஜீப்ரா, மறுபேச்சே இல்லை. அதிலுள்ள நிகழ்தகவுக் கணிப்பானைத் திறந்து, பரவலைத் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் இரண்டு குறிகளை விரலால் நகர்த்தினால் நிழலும் எண்ணும் சேர்ந்தே மாறும். போனிலும் ஓடும். குறை என்னவென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு பரவலைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க டெஸ்மாஸ் நல்லது. 100 முயற்சிகள், வெற்றி வாய்ப்பு 0.02 என்று ஓர் ஈருறுப்புப் பரவல், பக்கத்திலேயே அரிய நிகழ்வுகளை எண்ண உதவும், சராசரி 2 உள்ள பாய்சான் பரவல். பூஜ்யம் வருவதற்கான நிகழ்தகவு ஒன்றில் 0.1326, இன்னொன்றில் 0.1353. ஸ்லைடரைத் தள்ளி வெற்றி வாய்ப்பைக் கூட்டிக்கொண்டே போனால், பாய்சான் சராசரியையும் அதற்கேற்ப மாற்றினாலும் இரண்டும் விலகுவது தெரியும்.

எக்செலைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள், நான் பேசமாட்டேன். அதில் மணிக்கோடு வரைவது தொல்லைதான், −4 முதல் 4 வரை 0.1 இடைவெளியில் 81 வரிசை நிரப்ப வேண்டும். அப்புறம் சூத்திரத்தின் கடைசியில் 'ஃபால்ஸ்' போட்டால் அடர்த்தி, அதாவது கோட்டின் உயரம்; 'ட்ரூ' போட்டால் குவிவு, அதாவது அந்த இடம் வரை சேர்ந்த பரப்பு. திட்ட விலக்கம் 0.2 என்று கொடுத்து 'ஃபால்ஸ்' போட்டால் உச்சியில் 1.99 வரும். "நிகழ்தகவு எப்படி சார் ஒன்றைத் தாண்டும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தால் அன்றைய வகுப்பு வென்றுவிட்டது, ஏனென்றால் உயரம் நிகழ்தகவு அல்ல, பரப்புதான் நிகழ்தகவு என்பதைப் பேச இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. இன்னொன்றும் உண்டு: ஒரு வரிசையில் 12 'ரேண்ட்' எண்களை (0-க்கும் 1-க்கும் இடையே சம வாய்ப்போடு வருபவை) கூட்டி 6 கழித்தால் சராசரி 0, பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 1. அதையே ஆயிரம் வரிசைக்கு இழுத்து நிகழ்வெண் செவ்வகப்படம் போட்டால், தட்டையான எண்களிலிருந்து மணி எழும்பி நிற்கும். எஃப்9 அழுத்தும் ஒவ்வொரு முறையும் எண்கள் புதிதாக வந்து படம் நடுங்கும். அந்த நடுக்கம்தான் பாடம், அதை ஜியோஜீப்ராவின் வழவழப்பான கோடு சொல்லித்தராது.

பல எண்களின் சராசரிகள் மணிக்கோட்டை நெருங்கும் என்ற மைய எல்லைத் தேற்றம் வந்துவிட்டால், புள்ளியியல் நிரல்மொழியான ஆர்தான். அடுக்குக்குறிப் பரவலிலிருந்து 30 எண்கள் எடு, சராசரி காண், இதைப் பத்தாயிரம் தடவை செய் என்பதெல்லாம் ஒரே வரி. காஷி பரவலையும் அதில்தான் காட்ட வேண்டும். வளைகோடாகப் பார்த்தால் அது இயல்நிலைப் பரவலின் (நம் மணிக்கோட்டின்) தம்பி மாதிரி சாதுவாக இருக்கும், மாதிரி எடுத்துச் சராசரி பார்த்தால் எத்தனை ஆயிரம் எண்கள் சேர்ந்தாலும் ஒரு இடத்தில் நிற்காது. பரவற்படி முடிவுள்ளதாக இருக்க வேண்டும் என்ற தேற்றத்தின் நிபந்தனை எதற்கு என்று அப்போதுதான் உறைக்கும்.

பைத்தானும் இதையெல்லாம் செய்யும். சராசரி 5 உள்ள அடுக்குக்குறிப் பரவலுக்கு ஆரில் வீதத்தை, அதாவது 1/5 = 0.2 கொடுக்க வேண்டும், பைத்தானின் நம்பை நூலகத்தில் சராசரியான 5. ஒரே வகுப்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். புத்தகம் சராசரி 50, பரவற்படி 25 என்று எழுதும், மென்பொருள் கேட்பது திட்ட விலக்கத்தை. 5-க்குப் பதில் 25 போட்டால் 40-க்கும் 60-க்கும் இடையிலான நிகழ்தகவு 0.9545 வர வேண்டியது 0.3108 என்று வரும், எந்த மென்பொருளும் எச்சரிக்காது. இன்னொன்று இயல்நிலைப் பரவலின் அட்டவணை. நம்மூர்ப் பாடநூல்கள் பலவற்றில் 0 முதல் 1.96 வரையிலான பரப்பு, அதாவது 0.4750 இருக்கும், மென்பொருளோ இடக்கோடியிலிருந்து எண்ணி 0.9750 தரும். தேர்வில் கையில் இருக்கப்போவது அட்டவணைதான், ஆகவே ஜியோஜீப்ராவில் இடது குறியை 0-வில் வைத்தே பழக்குங்கள்.