பூனைகளுக்காக என்று சொல்லி நம் கைவேலையை வாங்கிப் போகிறவர்கள்: ஓர் எச்சரிக்கை

குரோஷேயில் பின்னிய பொம்மை எலி, துணியில் தைத்த புத்தகக்குறி, ஃபெல்ட் துணிச் சாவிக்கொத்து, மணி கோத்த கைக்கயிறு என்று விலை குறைந்த சின்னப் பொருட்களைக் கையால் செய்து, விற்ற பணத்தைப் பூனை மீட்புக்குக் கொடுக்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் சிறு குழு செய்த பொருட்களை, பூனைக் காப்பகம் நடத்துவதாகச் சொன்ன ஒருவர் பல மாதங்கள் வாங்கிப் போய் விற்றார். அந்தப் பணத்தில் ஒரு பூனைக்காவது வைத்தியம் நடந்தது என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, பூனைகளுக்கு ஆபத்தான மலிவுப் பொம்மைகளில் எங்கள் பெயரும் முகவரியும் போட்ட சீட்டைக் கட்டி, நாங்கள் செய்தது என்று விற்றிருக்கிறார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இதே பேச்சோடு வேறு கைவினைக் குழுக்களையும் அவர் அணுகுவதாகக் கேள்விப்பட்டோம். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இந்த மாதிரி விற்பனை ஏன் நன்றாக நடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், ஏமாற்றுக்கும் அதே காரணம்தான் வழிவிடுகிறது. நன்கொடை என்று கேட்டால் தயங்குகிறவர்கள்கூட ஒரு சாவிக்கொத்தை யோசிக்காமல் வாங்குவார்கள். சின்னத் தொகை, கையில் ஒரு பொருளும் கிடைக்கிறது, ஒரு பூனைக்கு நல்லதும் நடக்கிறது. ஆனால் அவ்வளவு சின்னத் தொகைக்கு யாரும் ரசீது கேட்பதில்லை, பணம் எங்கே போனது என்று திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பெரிய நன்கொடை கொடுத்தவர் கணக்குக் கேட்பார். சாவிக்கொத்து வாங்கியவர் அதைப் பையில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். நூறு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பணத்துக்குக் கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லாமல் போகிறது.

இந்தப் பணம் எதற்குத் தேவை என்பது மீட்பு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். பெண் பூனை நான்கு மாத வயதிலேயே சினையாகலாம். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகவும் முடியும். கருத்தடைக்கான பணம் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால், அதற்குள் தெருவில் இன்னொரு ஈற்றுக் குட்டிகள் பிறந்துவிடும். தாயில்லாத பச்சைக்குட்டிகளுக்கு இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பூனைக்குட்டிக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு கண்டு, அந்த வயதில் அதுவே உயிரைப் பறித்துவிடலாம். சாவிக்கொத்துக் காசு இப்படிப்பட்ட செலவுகளுக்குத்தான் போய்ச் சேர வேண்டியது. அதைத் தின்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அவராகத்தான் எங்களைத் தேடி வந்தார். "அக்கா, நீங்க செஞ்சு மட்டும் குடுங்க, கண்காட்சியிலயும் சந்தையிலயும் கடை போட்டு விக்கிறது என் பொறுப்பு" என்றார். விற்றபின் பணம், விற்காதது திரும்ப வரும் என்று பேச்சு. பணத்தை நேராகப் பூனைகளின் மருத்துவச் செலவுக்கே போட்டு, ரசீதை எங்களுக்கு அனுப்புவதாகச் சொன்னார். முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத்தான் இருந்தது. கடையில் கூட்டம் நிற்கும் படங்கள் வரும், கட்டுப்போட்ட பூனைப் படங்கள் வரும், மருத்துவமனை ரசீதுகளும் வரும். எங்கள் குழுவில் கண் பார்வை மங்கிய ஒரு பாட்டியம்மா இருக்கிறார். அந்தப் படங்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இன்னும் இரண்டு எலி பின்னிவிடுவார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சந்தேகம் ஒரு காதில் தொடங்கியது. "இந்தப் பெண் பூனைக்கு உடனே கருத்தடை செய்யணும், இந்த வாரம் நிறைய செஞ்சு குடுங்க" என்று ஒரு படம் அனுப்பினார். படத்தில் இருந்த பூனையின் ஒரு காது நுனி நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும்போது, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். கருத்தடை ஆகிவிட்டது என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதே பூனையை மறுபடி பிடித்து மயக்க மருந்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பல நாடுகளில் இதே வழக்கம்தான். சண்டையில் கிழிந்த காது இப்படி நேராக இருக்காது. காப்பகம் நடத்துகிறவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பே இல்லை.

அதன்பிறகு பழைய படங்களையும் ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு ரசீதில் "ஆண், மூன்று நிறம், விதைநீக்கம்" என்று இருந்தது. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் சேர்ந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தை முடிவு செய்கிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் ஆரஞ்சும் ஒரே உடலில் வர இரண்டு எக்ஸ் வேண்டும், பெண்ணுக்குத்தான் இரண்டு உண்டு, ஆணுக்கு வழக்கமாக ஒன்றுதான். (அந்த மரபணு எது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் கண்டறிந்து 2025இல் வெளியிட்டார்கள். நிறத்துக்கும் பாலினத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்ததுதான்.) கூடுதல் எக்ஸோடு பிறக்கிற ஆண் மிக அபூர்வம். எங்களுக்கு வந்த ரசீதுகளில் அப்படிப்பட்ட ஆண் பூனைகள் இரண்டு இருந்தன.

ரசீது எண்களைப் பார்த்தபோது மிச்சச் சந்தேகமும் தீர்ந்தது. பல வார இடைவெளியில் தேதியிட்ட ரசீதுகளின் எண்கள் அடுத்தடுத்து இருந்தன. இடைப்பட்ட நாட்களில் அந்த மருத்துவமனை வேறு யாருக்கும் ரசீதே எழுதவில்லை என்றால்தான் அப்படி வரும். ரசீதின் தலையில் இருந்த மருத்துவமனையை நேரடியாகக் கேட்டோம். அந்த எண்ணில் அவர்களிடம் ரசீது இல்லை, அந்தப் பெயரில் காப்பகக் கணக்கும் இல்லை. படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்ததில், பாதிக்கு மேல் வேறு மீட்பாளர்கள் எப்போதோ வெளியிட்டவை. அவர்களில் ஒருவரிடம் பேசினேன். தன் பூனை எப்போதோ குணமாகி ஒரு வீட்டில் நன்றாக இருக்கிறது என்றார். அதன் பழைய காயத்தைக் காட்டி இந்த ஆள் எங்களிடம் பொருள் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு முறை, குட்டிகள் எல்லாம் பேன்லூகோபீனியாவில், அதாவது பூனைப் பார்வோ என்கிற கொடிய வைரஸ் நோயில், இறந்துவிட்டன, பணம் முழுதும் அதில் போய்விட்டது என்று அழுதார். நாங்களும் அழுதோம். சில நாட்களிலேயே அதே அறையில், அதே பாயில் புதுக் குட்டிகளின் படம் வந்தது. அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரைகூட உயிர்ப்போடு இருக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது, சரியான அளவில் கரைத்த பிளீச் வேண்டும். நோய் வந்த இடத்தில் தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவந்து விட எந்த மீட்பாளரும் துணிய மாட்டார். ஒன்று அந்த மரணங்கள் பொய், அல்லது அந்தக் குட்டிகள்மேல் அவருக்குத் துளி அக்கறை இல்லை.

பணத்தைவிட என்னை உலுக்கியது பொம்மை விஷயம். எங்கள் சீட்டில் இருந்த முகவரிக்கு ஒருவர் எழுதினார். நாங்கள் செய்த எலியின் கண்ணை அவர் பூனை பிய்த்து விழுங்கிவிட்டது, வாலில் இருந்த நூலும் போய்விட்டது, பூனை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது, அறுவைசிகிச்சை செய்ய வேண்டியதாகிவிட்டது என்று. நல்ல வேளையாகப் பூனை பிழைத்துவிட்டது. அவர் அனுப்பிய படத்தில் இருந்தது எங்கள் எலியே இல்லை. இயந்திரத்தில் தைத்த மலிவு எலி, பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் கண், இழுத்தால் வந்துவிடும் நூல்வால், மூக்கைத் துளைக்கும் வாசனை எண்ணெய். கழுத்தில் மட்டும் எங்கள் சீட்டு.

எங்கள் குழுவில் பூனைப் பொம்மைக்குக் கண் ஒட்ட மாட்டோம், நூலால் தைத்துத்தான் கண் வைப்போம். மணி கிடையாது, தொங்கும் வாலும் கிடையாது. பூனை நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. நூல் உள்ளே போகத் தொடங்கினால் துப்புவது கஷ்டம், விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், மறுமுனையைக் குடல் இழுத்து இழுத்துத் துணிச்சுருக்கம் போல மடிந்துகொள்ளும். நூல் குடலை அறுத்துவிடவும் செய்யும். வாசனைக்கு, பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்னிப் என்ற செடியின் உலர்ந்த இலை தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லை. எல்லாப் பூனைக்கும் அது பிடிக்காது, மூன்றில் இரண்டு பங்கு பூனைகளுக்குத்தான் அந்தக் கிறக்கம் வரும், ஆனாலும் அது பாதுகாப்பானது. வாசனை எண்ணெய்கள் அப்படி இல்லை. அவற்றில் பலவற்றைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. இதையெல்லாம் யோசித்துச் செய்கிறவர்கள் என்பதால்தான் எங்கள் சீட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை வைத்துத்தான் அவர் விற்றிருக்கிறார்.

நேரில் கேட்டதற்கு வந்த பதில்: "பூனைங்க பசியில கெடக்குது, நீங்க கணக்குக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே அக்கா." இந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவரைப் பூனைகளின் எதிரியாக்கிவிட்டால் கேள்வி நின்றுபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் அதைக் கேட்டுத் தயங்கினார்கள். உண்மையான மீட்பாளர்களிடம் நான் பழகியிருக்கிறேன். கணக்குக் கேட்டால் அவர்கள் கோபப்படுவதில்லை. சொல்லப்போனால் கேட்காமலே கசங்கிய ரசீதுகளைக் காட்டி, மருத்துவமனையில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று புலம்புவார்கள். அப்புறம் அந்த ஆள் எங்கள் எண்களைத் தடுத்துவிட்டார். விற்காத பொருட்களில் கொஞ்சம் மூட்டையாக வந்தது. பணம் வரவில்லை.

இப்போது நாங்கள் யாருக்காவது பொருள் கொடுத்தால், எத்தனை எலி, எத்தனை புத்தகக்குறி என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குகிறோம். ஒவ்வொரு சீட்டிலும் எண் போடுகிறோம், அந்த எண் எங்கள் நோட்டில் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது ஒன்றுதான்: பணம் எந்தத் தனிநபர் கைக்கும் போவதில்லை. குறிப்பிட்ட பூனையின் பெயரில் மருத்துவமனையில் இருக்கும் பாக்கியை நாங்களே நேராகக் கட்டுகிறோம். உண்மையான மீட்பாளர்கள் இதற்கு ஒருவர்கூட மறுக்கவில்லை. மறுக்கிறவரிடம் பொருள் கொடுக்காதீர்கள், எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் சரி.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். பலகையில் காப்பகத்தின் பெயரும் திரையில் சம்பந்தமில்லாத ஆளின் பெயரும் இருந்தால், கட்டுவதற்கு முன் கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பேச்சுப் பதிவுகளையும் படங்களையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அவைதான் ஆதாரம். எங்களுடையது விசாரணைக்கு எடுக்கப்பட்டதே அந்த அடுத்தடுத்த ரசீது எண்களால்தான்.

பசையால் கண் ஒட்டிய, நூல்வால் வைத்த எலி உங்கள் வீட்டில் இருந்தால், யார் சீட்டு தொங்கினாலும் இன்றைக்கே பூனையிடமிருந்து எடுத்துவிடுங்கள். பூனை சாப்பிடாமல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சுருண்டு கிடந்தால் காத்திருக்க வேண்டாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். உள்ளே மாட்டியிருக்கும் நூலை இழுத்தால் குடல் கிழியும். வெளியே தெரிவதை வெட்டவும் வேண்டாம், அப்படியே விட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். பொம்மையில் மிச்சம் இருப்பதையும் கையோடு எடுத்துப் போங்கள், என்ன விழுங்கியது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.