பாலடினும் சோர்சரரும் ஒரே தாளில்: இரண்டரை ஆண்டு அனுபவம்

2021 இறுதியில் தொடங்கி 2024 நடுவில் முடிந்த எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆட்டத்தில், ஒரே கதாபாத்திரத்தை முதல் லெவலிலிருந்து பதினோராம் லெவல் வரை ஆடினேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள், அரை எல்ஃப் இனம், 2 லெவல் பாலடின் (மந்திரமும் தெரிந்த வீரர்), அதன் பிறகு முழுக்கச் சோர்சரர் (பிறவி மந்திரவாதி). இப்படி இரண்டு கிளாஸ்களை, அதாவது கதாபாத்திரத்தின் தொழில்களைச் சேர்ப்பது பலமா, பலவீனமா என்று விவாதிப்பவர்கள் பெரும்பாலும் உச்சமான இருபதாம் லெவல் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். நான் ஆடியதோ பதினொன்று வரைதான், அதிலும் நான்கிலிருந்து ஏழு வரையிலான லெவல்களிலேயே ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

சேர்வதற்கான நிபந்தனை எளிது. பாலடினுக்கு வலிமையும் கரிஸ்மாவும் (ஆளுமைக் கவர்ச்சி) குறைந்தது 13 இருக்க வேண்டும். சோர்சரருக்குக் கரிஸ்மா 13 போதும். என்னிடம் வலிமை, கரிஸ்மா, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) மூன்றும் 16 இருந்தன. அதற்கு விலையாக டெக்ஸ்டெரிட்டியும் (உடல் லாவகம்) அறிவும் 8-இல் நின்றன. எந்தக் கிளாஸில் தொடங்குவது என்பதில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. பாலடினில் தொடங்கினால் கனமான கவசம் அணியும் பயிற்சி கிடைக்கும். பின்னால் பாலடினாகச் சேர்பவருக்கு அது கிடைக்காது. சோர்சரரில் தொடங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவில் (தீங்கைத் தாங்க உருட்டும் பகடையில்) பயிற்சி கிடைக்கும். மந்திரத்தின் மீதான கவனம் அடிபட்டும் கலையாமல் இருக்க அதுவே துணை. சேவிங் த்ரோ பயிற்சி முதல் கிளாஸிலிருந்து மட்டுமே வரும் என்பதால் இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியில்லை. நான் கவசத்தைத் தேர்ந்தெடுத்தேன். விளைவாக, சாதாரண அடி ஒன்று பட்டாலே என் மந்திரம் கலைய 30 சதவீத வாய்ப்பு இருந்தது.

நான்காம் லெவலில் நடந்த ஒன்று இன்னும் மறக்கவில்லை. ஓர் ஓர்க்கின் (அரக்க இன எதிரி) கோடரி பகடையில் மொத்தம் 20 எடுத்து, என் ஆர்மர் கிளாஸான (என் மீது அடி படத் தேவையான எண்) 18-ஐத் தாண்டியது. ஷீல்ட் மந்திரம் போட்டால் என் எண் 23 ஆகிவிடும், அடி விலகிவிடும் என்று உற்சாகமாக அறிவித்தேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஆக இருந்த அண்ணன் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "எந்தக் கையால தம்பி?" என்று கேட்டார். வலக்கையில் வாள், இடக்கையில் கேடயம். அந்த மந்திரத்துக்குக் கையசைவு தேவை. வாளைக் கீழே போடலாம் என்றால் அது என் முறையும் அல்ல. அடியை வாங்கிக்கொண்டேன். ஆயுதம் ஏந்திய கையாலேயே மந்திரம் போட வார் கேஸ்டர் என்ற ஃபீட் (கூடுதல் திறன்) வேண்டும். ஆனால் ஃபீட் எடுக்கும் உரிமை மொத்த லெவலைப் பார்த்து வருவதில்லை, அந்தந்தக் கிளாஸின் நான்காம் லெவலில்தான் வருகிறது. மற்றவர்களுக்கு நான்கில் வந்தது எனக்குச் சோர்சரர் 4 ஆனபோது, அதாவது மொத்த லெவல் ஆறில் வந்தது.

ஐந்தாம் லெவல் இன்னும் கசப்பு. எங்கள் விசார்ட் ஃபயர்பால் மந்திரம் வீசத் தொடங்கினார், ஃபைட்டர் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு வெட்டினார், நான் இரண்டாம் நிலை மந்திரங்களோடும் ஒரே வெட்டோடும் நின்றேன். என் கையில் இருந்தது ஸ்பெல் ஸ்லாட்கள் (மந்திரம் போடச் செலவழிக்கும் வாய்ப்புகள்) மட்டும்: பாலடின் லெவலில் பாதியையும் சோர்சரர் லெவல் முழுவதையும் கூட்டி 4 என்று கொண்டால், முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3. அத்தனையையும், வெட்டின் சேதத்தைக் கூட்டும் பாலடின் திறனான டிவைன் ஸ்மைட்டாக எரிக்கலாம் என்பதுதான் இந்தச் சேர்க்கையின் உயிர்.

அந்த உயிர் எனக்கு ஒன்பதாம் லெவலில் தெரிந்தது. பகடையில் 20 விழுந்தது, அப்போது சேதப் பகடைகள் இரட்டிப்பாகும். வெட்டு பட்ட பிறகு ஸ்மைட்டா என்று முடிவு செய்யலாம் என்பதால், நான்காம் நிலை ஸ்லாட்டை அதிலேயே கொட்டினேன். ஐந்து எட்டுமுகப் பகடைகள் பத்தாயின, வாளின் பகடை இரண்டாயிற்று. என்னிடம் அவ்வளவு எட்டுமுகப் பகடைகள் இல்லை. மூன்று பேரிடம் கடன் வாங்கி உருட்டினேன். வேறெந்தக் கதாபாத்திரமும் எனக்கு அப்படி ஒரு நொடியைத் தந்ததில்லை.

ஆனாலும் திரும்பிப் பார்த்தால், வரிசையைத் தவறாக அமைத்தேன் என்றே சொல்வேன். பாலடின் 6 வரை போய்ப் பிறகு சோர்சரர் பக்கம் திரும்பியிருந்தால், ஐந்தில் இரண்டாவது வெட்டும், ஆறில் 10 அடிக்குள் இருக்கும் நம்மவர் எல்லோரின் சேவிங் த்ரோவிலும் என் கரிஸ்மா கூடும் ஆராவும் கிடைத்திருக்கும். கவனம் கலையும் பிரச்சினையும் பெருமளவு தீர்ந்திருக்கும். இழப்பது என்ன? பதினோராம் லெவலில் ஐந்தாம் நிலை மந்திரங்களுக்குப் பதில் மூன்றாம் நிலை வரைதான் போடலாம். அந்த ஐந்தாம் நிலை மந்திரங்களை நான் அனுபவித்தது கடைசி நான்கு அமர்வுகளில் மட்டுமே. இதே ஆட்டத்தை ஒட்டி 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் 100 பொன் கொடுத்துக் கிளாஸ்களை மாற்றி இந்தத் தவறை ஐந்து நிமிடத்தில் அழிக்கலாம். எங்கள் அண்ணனிடம் அந்தச் சலுகை கிடையாது.

எங்கள் குழுவில் ரோக் ஆடியவர் ஃபைட்டர் 2 லெவல் சேர்த்து, ஒரே முறையில் இன்னொரு செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜ் பெற்றார். அவருக்குப் பெரிய இழப்பே இல்லை, பதுங்கித் தாக்கும் ஸ்னீக் அட்டாக்கில் ஒரு பகடை தாமதமானதோடு சரி. பார்பேரியன், மாங்க் கிளாஸ்களைச் சேர்த்தவர், இரண்டும் தரும் கவசமற்ற தற்காப்பு ஒன்றோடொன்று கூடும் என்று நம்பியிருந்தார், கூடாது.

2024 செப்டம்பரில் புதிய விதிநூல் வந்ததும் இதே கதாபாத்திரத்தைப் புதிதாக எழுதிப் பார்த்தேன். டிவைன் ஸ்மைட் இப்போது, முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் கேட்கும் ஒரு மந்திரம். ஒரு முறையில் ஒரு ஸ்லாட்டைத்தான் மந்திரத்துக்குச் செலவழிக்கலாம். ஆகவே குவிக்கன் செய்து (சோர்சரர் திறனால் வேகப்படுத்தி) ஒரு மந்திரமும் அதே முறையில் ஸ்மைட்டும் என்ற என் பழைய ஆட்டம் செல்லாது. பத்துப் பகடை உருட்டும் வாய்ப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. புதிய ஆட்டத்தில் பாலடின் 4-இல் இருக்கிறேன், வார் கேஸ்டர் எடுத்தாகிவிட்டது, சோர்சரர் பக்கத்தை ஆறு வரும்வரை திறப்பதாக இல்லை.