வீட்டுப் பாணா, பேக்கரிப் பாணா?

யாழ்ப்பாணத்தில் விறகுப் போறணை இன்னும் எரியும் தெருவில் குடியிருந்தால், மாலைச் சம்பலுக்குக் கடைப் பாணையே வாங்குங்கள். செங்கற்சுவர் தேக்கிய சூட்டில் முறுகும் அந்த மேலோடு வீட்டு மின்னடுப்பில் வராது. 450 கிராம் பாணுக்கு வீட்டில் ஏறக்குறைய 300 கிராம் கோதுமை மா, ஈஸ்ட், போதாததற்கு மின்கட்டணம்.

ஆனால் பாணுக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டில்தான் நம் கையில். பிள்ளைகளுக்கு நான் வீட்டுப் பாணையே விரும்புகிறேன். சீனியைக் குறைக்கலாம், குரக்கன் மா கலக்கலாம். கால்பங்குக்கு மேல் வேண்டாம். மாவை இழுபட வைக்கும் புரதமான குளுட்டன் குரக்கனில் இல்லை, கூடினால் பாண் எழும்பாது. நமது வெக்கையில் குழைத்த மா ஒரு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி உடனே மீண்டால் இன்னும் பொறுக்க வேண்டும், மெல்ல மீண்டால் அடுப்பில் வைக்கலாம்.